முந்தைய கையெழுத்துகளுக்கு நாங்கள் பொறுப்பு

எங்கள் வங்கியில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. 'முந்தைய கையெழுத்துகள் அனைத்துக்கும் நாங்கள் பொறுப்பு' என்று அதில் செதுக்கியிருக்கும். வெளியூர் வங்கியிடம் பணம் கேட்டு அனுப்புகிற ஒவ்வொரு காசோலையின் முதுகிலும் அதைக் குத்தித்தான் அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாகக் குத்தியிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. 1987 அக்டோபரில் யோசிக்க வைத்துவிட்டார்கள்.

அன்று திங்கட்கிழமை. மேலாளர் ரோலண்ட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துவது தணிக்கைக்காரர்கள் வரும்போது மட்டும்தான். மேசை மேல் ஒமாஹாவிலுள்ள ஒரு பெரிய வங்கியின் கடிதம் கிடந்தது. மார்ச் மாதம் நாங்கள் அவர்களிடம் ஒரு காசோலையைக் கொடுத்துப் பணம் வாங்கினோமாம். மாட்டுச் சந்தைக்காரர்கள் மைலோ சிட்டெக் என்கிற விவசாயியின் பெயருக்கு எழுதியது, முப்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர். காசோலையைக் கொடுத்தபோதே, 'உரியவர்தான் கேட்கிறார்' என்று நாங்கள் வாக்குக் கொடுத்ததாக அர்த்தமாம். இப்போது அந்த மைலோ சிட்டெக்கே, பின்பக்கம் இருப்பது தன் கையெழுத்து இல்லை, தன் சம்மதத்தோடு போட்டதும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஆகவே உங்கள் வாக்குப் பொய்த்தது, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று முடித்திருந்தார்கள்.

அந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். என் கண்ணெதிரே, என் கவுண்டரில், என் பேனாவால் போட்டது. போட்டவள் டெல்லா சிட்டெக், மைலோவின் மனைவி.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடமே, சோளம் பறிக்கிற இயந்திரம் மைலோவின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவர் வேலி கட்டுவார், பசு ஈனும்போது கன்று இழுப்பார், சீட்டு ஆடுவார். பேனா மட்டும் பிடிக்க மாட்டார். முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிற காகிதத்தில் எல்லாம் 'மைலோ சிட்டெக்' என்று எழுதுவது டெல்லாதான். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

"ஆர்டிஸ், தெரிஞ்சேதான் வாங்கினியா?" என்று ரோலண்ட் கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "தெரிஞ்சேதான். உங்களுக்கும் தெரியும். இதே நாற்காலியில உக்காந்து முதல் செக்கை வாங்கினது உங்க அப்பா" என்றேன்.

ரோலண்ட் நிலைமையை விளக்கினார். காசோலையின் முன்பக்கம் சந்தைக்காரனின் கையெழுத்து போலியாக இருந்தால், அது ஒமாஹாக்காரன் பாடு. தன் வாடிக்கையாளரின் கையெழுத்தை அவன்தான் அறிந்திருக்க வேண்டும். பின்பக்கம் இருப்பது எங்கள் பாடு. ஏனென்றால் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்ற முகத்தைப் பார்த்தது நாங்கள்தான். சட்டம் அப்படித்தான் கோடு கிழித்திருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே பட்டது, அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

பணம் திரும்பிப் போனால் மைலோவுக்குத்தானே மறுபடி வரும், அவர் மாட்டுக்குத்தானே அந்தக் காசு என்று கேட்டேன். வராது என்றார் ரோலண்ட். மாட்டுச் சந்தை திவாலாகிவிட்டது. அங்கே கணக்கு எழுதியவள் பல பேர் காசோலைகளைக் கள்ளக் கையெழுத்துப் போட்டு விழுங்கியிருக்கிறாள். நீதிமன்றம் அமர்த்திய ஆட்கள், பெரிய தொகை வாங்கின எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பி, 'இது உங்கள் கையெழுத்தா' என்று கேட்டிருக்கிறார்கள். மைலோவின் படிவமும் அப்படித்தான் போயிருக்கிறது. திரும்புகிற பணம் சந்தையின் கடன்காரர்களுக்கெல்லாம் பொதுவாகப் போகும். மைலோ அந்த வரிசையில் கடைசியில் நின்று டாலருக்கு ஐந்து காசு வாங்கலாம். எங்கள் வங்கியோ, கொடுத்ததைச் சிட்டெக் குடும்பத்திடம்தான் கேட்கும். அந்தப் பணம் ஏப்ரலிலேயே அவர்களுடைய நிலக்கடனுக்குப் போய்விட்டது. கடன் மறுபடி உயிர் பெறும், நிலம் ஏலத்துக்கு வரும். அந்த இலையுதிர்காலத்தில் மட்டும் எங்கள் மாவட்டத்தில் நான்கு பண்ணைகள் ஏலம் போயிருந்தன.

"இயக்குநர் குழு, யார் வாங்கினதுன்னு பேரைக் கேக்கறாங்க" என்று கடைசியில் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. என் வேலையும் போகும் என்பது அதன் பொருள்.

கடிதத்தோடு அந்தப் படிவத்தின் நகலும் இருந்தது. இரண்டே கட்டங்கள். ஒன்று: இது என் கையெழுத்து. இரண்டு: இது என் கையெழுத்தும் அல்ல, என் சம்மதத்தோடு போட்டதும் அல்ல. இரண்டாவதில் குறி போட்டிருந்தது. அடியில் மைலோ சிட்டெக் என்று கையெழுத்து. அதை ஒரு முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். அந்த வளைந்த முதல் எழுத்தையும், கடைசி எழுத்தின் வாலையும் நான் வாரம் ஒரு முறை பார்க்கிறவள். 'காசோலையில் இருப்பது என் கையெழுத்து இல்லை' என்று மைலோ சொல்கிற படிவத்திலும் டெல்லாவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நான் சிரித்த சிரிப்பில் ரோலண்ட் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. படிவம் செல்லாது என்று நாம் சொன்னால் ஒமாஹாவிலிருந்து வக்கீல் நேரில் வந்து மைலோவிடமே கேட்பார். மைலோ அப்போது என்ன சொல்லப்போகிறார் என்று என்னைக் கேட்டார். வக்கீல் வியாழக்கிழமை வருவதாக அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

மைலோவுக்கு டெல்லா மேல் கோபம், அது எதனால் என்றும் ஊருக்கே தெரியும். மார்ச்சில், கன்று ஈனுகிற காலத்தில், அவர் தொழுவத்தில் சுருண்டு விழுந்தார். மண்டைக்குள் இரத்தக் கசிவு. லிங்கன் நகர ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். அந்த மூன்று வாரத்துக்குள் டெல்லா மந்தை முழுவதையும் சந்தையில் விற்றுவிட்டாள். அவர் தன் அப்பாவிடமிருந்து எட்டுப் பசுவை வாங்கி, முப்பது வருடம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த மந்தை. ஜூனில் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தபோது தொழுவம் காலி. மனிதர் கத்தவில்லை, அடிக்கவில்லை. மழை வருமா, ரொட்டி இருக்கிறதா, இவ்வளவுதான் அந்த வீட்டில் பேச்சு என்று டெல்லாவே என்னிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் வங்கிக்குக் கசகசா வைத்த கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்து வருகிறவள், ஜூனுக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கொண்டுவரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் பண்ணைக்குப் போனேன். மைலோ காலித் தொழுவத்தின் கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தார். மாடே இல்லாத தொழுவத்துக்கு எதற்குக் கதவு என்று நான் கேட்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். படிவத்தைப் பற்றிக் கேட்டேன். வந்தது, டெல்லாவைப் படித்துக் காட்டச் சொன்னேன், இரண்டாவதுதான் உண்மை, அதில் குறி போடு என்றேன், அவள் போட்டுத் தபாலில் சேர்த்தாள் என்றார், ஏதோ விதை வாங்கின கதையைப் போல. அதனால் நிலம் போகப்போகிறது என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

வக்கீலிடம், நான் சொல்லித்தான் அவள் போட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். நினைவில்லாமல் கிடந்தவன் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று கேட்டார். நிலமே போனாலும் சத்தியத்தின் மேல் பொய் சொல்ல மாட்டாராம். அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுடைய நேர்மையைக் கொண்டுபோய் எங்கே நட்டு வளர்ப்பீர்கள், நிலம்தான் இருக்காதே என்று கத்திவிட்டு, காரின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் டெல்லா நின்றிருந்தாள். அவளுக்குக் கையசைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பூராவும் ரோலண்ட் தன் அப்பாவின் சட்டப் புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார். ஒருவருடைய பெயரை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் எழுதினாலும், பெயருக்கு உரியவர் பிற்பாடு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டால், அது அன்றைக்கே அவர் போட்டது போலச் செல்லும். நான் அதை வாங்கி மூன்று தடவை படித்தேன். பொய் தேவையில்லை. ஆனால் மனம் வர வேண்டும். மைலோவுக்குப் பொய் சொல்வதைவிட இதுதான் கடினம் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

வக்கீல் ஹாலோவேக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெல்லிய தோல் காலணியோடு எங்கள் ஊர்ச் சேற்றில் இறங்கி வந்தார். ரோலண்டின் அறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். மைலோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். டெல்லா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காசோலையின் முதுகைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றார் மைலோ. படிவத்தில் இருப்பது என்று கேட்டார். அதுவும் இல்லை என்றார். வக்கீல் பேனாவை மூடித் திறந்தார்.

"அப்ப இந்தப் படிவத்துல யாருங்க கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்" என்றாள் டெல்லா. "ரெண்டாவது கட்டம்னான். போட்டேன். இந்த மனுஷன் சொன்னதைத்தானே இத்தனை வருஷமும் எழுதறேன்."

"செக்குலயும் அவர் சொல்லித்தான் போட்டீங்களா?"

"அன்னிக்கு அவனால பேச முடியல."

"பேச முடிஞ்சிருந்தா, விக்காதேன்னு சொல்லியிருப்பேன்" என்றார் மைலோ, சுவரைப் பார்த்து.

வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார். அந்த வரி முடிந்தால் நிலமும் முடிந்தது என்று எனக்குப் பட்டது. ரோலண்ட்தான் பேச வேண்டும், அவர் வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"மைலோ, அன்னிக்குச் சம்மதிச்சீங்களான்னு இப்ப யாரும் கேக்கல. இன்னிக்கு அதை உங்க கையெழுத்தா ஏத்துக்கறீங்களா, அவ்வளவுதான். ஏத்துக்கிட்டா அன்னிக்கே நீங்க போட்ட மாதிரி. சட்டத்துலயே இருக்கு."

மைலோ வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சரிதான் என்றார். தன்னுடைய வங்கிக்கு வேண்டியது உரியவரின் சம்மதம். அது முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் எங்கள் வாக்குப் பொய்யாகாது, கோரிக்கையை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள் என்றார். நல்ல பிள்ளை. சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது.

மைலோ நாற்காலியோடு திரும்பி மனைவியைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"ஏன் வித்தே?"

டெல்லா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "நீ எழுந்திரிக்க மாட்டேன்னு லிங்கன்ல மூணு டாக்டர் சொன்னாங்க. பாதிரியாரைக் கூப்பிட்டுக்கங்கன்னாங்க. கடன் தேதி ஏப்ரல் ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கும் தொழுவத்துக்கும் நான் ஒருத்தியாவே ஓடினேன். ரெண்டு கன்னு என் கையிலயே செத்துது. நிலமாவது மிஞ்சட்டும்னு வித்தேன்."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ செத்துடுவேன்னு நெனச்சு வித்தேன்னு, உயிரோட வந்து நிக்கற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். அவள் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

மைலோ தன் இரண்டு விரல்களையும் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு மாடுன்னாலே ஆகாது. அதனால வித்தேன்னு நெனச்சுட்டேன்."

"ஆகாதுதான். அதுக்காக விக்கல."

ரோலண்ட் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். மைலோ சிரிக்கவில்லை. காசோலையின் நகலை இழுத்து வைத்து, அந்தத் தொகையை முதன்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். அறுபத்து மூன்று பசு, கன்றோடா என்று கேட்டார். கன்றோடுதான் என்றாள் டெல்லா. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது, உதடு அசைந்தது.

"நானே போயிருந்தாலும் இந்த விலை வந்திருக்காது" என்றார்.

அந்த மனிதர் வாயால் பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை. கல்யாணக் கொலாச்சியையே 'பரவாயில்லை' என்று சொன்னவர். டெல்லா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். மைலோ என் பக்கம் திரும்பி, எழுதுவதை எழுது, ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

வக்கீல் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன், நான்கே வரி. மைலோ வழக்கப்படி காகிதத்தை டெல்லாவின் பக்கம் தள்ளினார். வக்கீல் பதறிப்போய், இதையாவது நீங்களே போடுங்கள் ஐயா என்றார். அதனால் மைலோ போட்டார். இரண்டு விரலுக்கு நடுவே பேனாவைச் செருகி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கோழி கிளறின மாதிரி இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கோப்பிலிருந்த கையெழுத்து அட்டையை வக்கீல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தவர், கொஞ்சமும் ஒத்துப்போகவில்லையே என்று முகம் சுளித்தார். ஒத்துப்போகாது, அட்டையிலும் டெல்லாதான் என்றேன். வாகன உரிமம்? டெல்லா. நிலப் பத்திரம்? டெல்லா. இந்த மாவட்டத்தில் அந்தப் பெயர் உள்ள காகிதம் எல்லாம் அவள் கைதான். உண்மையான கையெழுத்து இது ஒன்று, இதுதான் பார்க்கப் போலியாக இருந்தது. அந்தப் பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று ரோலண்ட் சொல்ல, நானும் அவரும் அடியில் கையெழுத்துப் போட்டோம். கோரிக்கை முடிந்தது என்று வக்கீல் தன் பையில் காகிதத்தை வைத்தார். என் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். இதே சிக்கல் மறுபடி வராமலிருக்க, மைலோவின் பெயரை எழுத டெல்லாவுக்கு முழு அதிகாரம் தருவதாக இன்னொரு தாள் தயார் செய்தால் நல்லது என்றார். இனிமேல் வரப்போகிற காகிதம் எல்லாவற்றுக்கும் அது செல்லும். அதை நான் தட்டச்சு செய்தேன். அது ஒரு முழுப் பக்கம் வந்தது. டெல்லா அதை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்து, ஓர் இடத்தில் தேதி தப்பு என்று காட்டினாள். திருத்தினேன்.

மைலோ மறுபடியும் பேனாவை விரலிடுக்கில் செருகினார். தாள் வழுக்கிக்கொண்டு போனது. டெல்லா எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்று, அது நகராமல் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படித்துப் பார்க்காமல் போடுகிறீர்களே என்று வக்கீல் கேட்டார்.

மைலோ நிமிரவில்லை. முதல் எழுத்தைப் பாதி வரைந்திருந்தார்.

"அவ படிச்சுட்டா, தம்பி."